கூட்டத்தை நடத்துங்கள், ஆனால் அந்த மாடி மண்டபத்தில் வேண்டாம்: நம் சங்கச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும் செயலாளர் அக்காவுக்கும் செயலவையில் உள்ள மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பார்த்தேன். ஞாயிறு காலை பத்து மணி, வழக்கமான மாடி மண்டபம், வாசலில் உடல் வெப்பம் பார்க்கப்படும், கைத்தூய்மி வைக்கப்படும், முகக்கவரி அணிந்து வரவும், காய்ச்சல் உள்ளவர்கள் தவிர்க்கவும், மதிய உணவு உண்டு. அறிவிப்பு வந்த கையோடு குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. பாதிப் பேர் "ஊரே இருமிக்கொண்டிருக்கிறது, இப்போது போய் கூட்டமா, ரத்து பண்ணுங்கள்" என்கிறார்கள். மீதிப் பேர் "கொரோனாவையே பார்த்தாச்சு, இது வெறும் சளிக்காய்ச்சல்" என்கிறார்கள். நான் குழுவில் பதில் போட்டால் பத்து நிமிடத்தில் யாராவது காலை வணக்கப் படங்களைப் போட்டு அதை மேலே தள்ளிவிடுவார்கள் என்பதால், எல்லாரும் நிதானமாகப் படிக்கட்டும் என்று தனியாக எழுதுகிறேன்.

நான் இரண்டு கட்சியிலும் இல்லை. கூட்டம் நடந்தே ஆக வேண்டும். அந்த அறையில், அந்த மாதிரி நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ரத்து பண்ணச் சொல்கிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. 2020 மார்ச் 18ஆம் தேதி நம் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாவற்றையும் மூடினோம், அது சரி, அன்றைக்கு வேறு வழியும் இல்லை. ஆணை தளர்ந்த பிறகும் நம் சங்கம் படுத்தே கிடந்தது, அதுதான் சரியில்லை. மாதச் சந்தா வசூல் நின்றது, மரண சகாய நிதிக்கு யார் கட்டினார்கள் யார் கட்டவில்லை என்ற கணக்கு குழம்பியது, ஒரு வீட்டில் துக்கம் விழுந்த பிறகுதான் அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை என்பதே தெரிய வந்தது. இணையவழிக் கூட்டம் வைத்தோமே என்பீர்கள். வைத்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதற்குள் வர முடிந்தது யாரால்? வீட்டில் பிள்ளைகள் இருந்து கைப்பேசியைத் திறந்து கையில் கொடுத்தவர்களால் மட்டும். பினாங்கு ஜெலுத்தோங் பக்கம் அடுக்குமாடியில் தனியாக இருக்கிற பாட்டிமாருக்கு இந்தக் கூட்டமும் கோயிலும் விட்டால் நாலு பேர் முகம் பார்க்க வேறு இடம் கிடையாது. கூட்டமே வேண்டாம் என்று சொல்லும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அறைக்கு வருவோம்.

நான் ஏர்கோன் வேலை செய்கிறவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும், பலர் வீட்டில் நான்தான் கேஸ் நிரப்பியிருக்கிறேன். நம் மண்டபத்தில் சுவரில் மாட்டியிருக்கும் இரண்டு ஸ்பிளிட் யூனிட்டும் வெளியிலிருந்து ஒரு சொட்டுக் காற்றைக்கூட உள்ளே கொண்டுவருவதில்லை. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. வெளியே ஒரு பெட்டி ஓடுகிறதே, குழாய் போகிறதே என்று கேட்கிறார்கள். அந்தச் செப்புக் குழாயில் போவது கேஸ், காற்று இல்லை. அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர வைத்து, திரும்ப நம் முகத்தில் அடிப்பதுதான் அதன் வேலை. உள்ளே இருக்கும் வலைக்கு மிஞ்சிப் போனால் தூசியும் பூனை முடியும் நிற்கும், கிருமி நிற்காது. அறுபது பேர் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கி, அவர் விட்டதை இன்னொருவர் வாங்கி, அப்படியேதான் மதியம் வரை போகும்.

சாமி கும்பிடும்போது மூலையில் சாம்பிராணி போட்டால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வாசனை வருகிறதல்லவா, பூசை முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போனாலும் அந்த அறையில் மணக்கிறதல்லவா, இருமுகிறவர் மூச்சில் வருகிற நுண்ணிய துளிகளும் மூடிய அறையில் அப்படித்தான் மிதந்துகொண்டு இருக்கும். நாற்காலியை மூன்றடி தள்ளிப் போட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் உதவும். அறை முழுக்கப் பரவியதற்கு அது மருந்தாகாது.

போன தீபாவளி விருந்தில் என் கருவிப் பையில் இருந்த கரியமில வாயு மீட்டரை மேசை ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். வெளிக்காற்றில் அது ஏறக்குறைய 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) காட்டும். நம் நாட்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010இல் வெளியிட்ட உட்புறக் காற்று விதிமுறையில் 1,000க்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. நம் மண்டபத்தில் சோறு பரிமாறி முடிப்பதற்குள் அதைத் தாண்டிவிட்டது. அந்த எண் கிருமியைக் காட்டாது. அடுத்தவர் மூச்சு எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்பதைத்தான் காட்டும். கூட்டம் பாதியில் எல்லாருக்கும் கொட்டாவி வருவதற்கு எப்போதும் தலைவர் உரையைக் குற்றம் சொல்கிறோம், பாவம், காற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

ஜன்னல் இல்லாத அறையும் இல்லை அது. சாலைப் பக்கம் நாக்கோ ஜன்னல், அதாவது பட்டை பட்டையாகத் திறக்கும் கண்ணாடி ஜன்னல், வரிசையாக இருக்கிறது. எப்போதோ வெள்ளையடித்தபோது பெயின்ட் கைப்பிடியோடு சேர்த்து ஒட்டிக்கொண்டது, மேலே திரைச்சீலை வேறு. பின்பக்கம் தேநீர் கலக்கும் இடத்துக்கு மேலே காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று இருக்கிறது, புறா உள்ளே வருகிறது என்று யாரோ நாளிதழை மடித்து அட்டையோடு டேப் போட்டு அடைத்துவிட்டார்கள். டேப்பின் ஓரம் கறுத்துப் போயிருக்கிறது, அடைத்து எத்தனை வருடமோ.

காற்றைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச் மாதம் உலக சுகாதார நிறுவனமே கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று அடித்துச் சொன்னது, பிறகு மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டது. ஆனால் முதலில் மனதில் பதிந்தது பதிந்ததுதான். இன்னமும் எங்கே கூட்டம் என்றாலும் மேசை துடைக்கிறோம், கைத்தூய்மி வைக்கிறோம், ஜன்னலை மூடிக்கொள்கிறோம். அதே மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் பகுதியில் ஒரு பாடகர் குழு மாலையில் கூடி இரண்டரை மணி நேரம் பாடிப் பார்த்தார்கள். வாசலில் கைத்தூய்மி கொடுத்தார்கள். வந்தவர்களில் ஒருவருக்கு லேசாகச் சளி மாதிரி இருந்திருக்கிறது. 61 பேரில் 53 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்துபோனார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் வந்திருந்தால் இவ்வளவு பேருக்கு வந்திருக்காது. நம் கூட்டம் தேவாரத்தில் தொடங்கும், அப்புறம் கணக்கறிக்கை வரும்போது எழும் சத்தம் எந்தப் பாடகர் குழுவுக்கும் குறைந்ததில்லை. கத்திப் பேசும்போதும் பாடும்போதும் சும்மா மூச்சுவிடுவதைவிடப் பல மடங்கு துளிகள் வெளியே வரும். அதனால் நல்ல ஒலிபெருக்கிக்குச் செலவு பண்ணுங்கள். காதில் விழுந்தால் ஏன் கத்தப் போகிறோம்? கூட்டப் பாதுகாப்பு என்று யாரும் எழுதுவதில்லை, ஆனால் என்னைக் கேட்டால் இரண்டு நல்ல மைக் அதில் சேரும்.

வாசலில் வெப்பம் பார்க்கும் துப்பாக்கியைத் தயவுசெய்து அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். இன்ஃபுளுவென்சா வந்தவர் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே மற்றவருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார், கோவிட்டில் இரண்டு நாள் முன்னாலேயேகூடத் தொடங்கலாம். காய்ச்சல் உள்ளவரும் காலையில் இரண்டு பனடோல் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் துப்பாக்கி பச்சை விளக்குதான் காட்டும். நம் ஆட்கள் போடுவார்கள், எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கூட்டத்துக்கு வராவிட்டால் "ஏன் வரவில்லை, கோபமா" என்று கேட்பார்கள், தேர்தல் வேறு இருக்கிறது, தன் ஓட்டு போய்விடும், கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய ஆள் எண்ணிக்கை, குறைந்தால் நம் மேல் பழி வரும். இவ்வளவையும் தலையில் ஏற்றிவிட்டு, காய்ச்சல் உள்ளவர்கள் தவிர்க்கவும் என்று ஒரு வரி போட்டால் யார் தவிர்ப்பார்கள்?

ஆகவே வராதவருக்கும் ஒரு வழி வையுங்கள். கணக்கறிக்கையை ஒரு வாரம் முன்னாலேயே எல்லாருக்கும் அனுப்புங்கள், கேள்விகளை எழுத்தில் வாங்குங்கள், வாசித்துப் பதில் சொல்லுங்கள். மேடையில் ஒரு கைப்பேசியை நிறுத்தி நேரலை விட்டால் வீட்டிலிருந்து பார்ப்பார்கள். எழுத்து மூலம் ஓட்டுப் போட நம் சங்க விதியில் இடம் இருக்கிறதா என்று செயலாளர் அக்கா பார்த்துச் சொல்லட்டும். இடம் இல்லையென்றால் தேர்தலை மட்டும் விதி அனுமதிக்கும் வரை தள்ளி வைக்கலாம். சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டியது பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள், அதற்கு முன்னால் அவர்கள் யாரும் வந்து கழுத்தைப் பிடிக்கப் போவதில்லை. மருந்தகத்தில் இன்ஃபுளுவென்சாவையும் கோவிட்டையும் ஒரே குச்சியில் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. சங்கக் காசில் ஒரு பெட்டி வாங்கி, லேசாகத் தொண்டை கரகரப்பு உள்ளவர்களுக்கு முந்தின நாளே கொடுத்து அனுப்பலாம். எதுவும் இல்லை என்று காட்டினாலும் இருமல் இருந்தால் வரவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், ஆரம்பத்தில் அந்தக் குச்சி ஏமாற்றும்.

இன்னொன்று. 2020 பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் ஏறக்குறைய 16,000 பேர் கூடிய சமயக் கூட்டம் நடந்தது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நோய் அதோடு தொடர்புபட்டது. சேர்ந்து தொழுது, சேர்ந்து உண்டு, சேர்ந்து உறங்கினார்கள், அன்றைக்கு யார் செய்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும், நம் திருவிழாவாக இருந்தாலும் அதேதான். அதற்குப் பிறகு அவர்களைப் பார்த்து ஊர் பேசிய பேச்சை நினைத்துப் பாருங்கள். அப்படிப் பேசினால் அடுத்த முறை நோய் வந்தவன் வாயே திறக்க மாட்டான். நம் கூட்டத்துக்குப் பிறகு யாருக்காவது நோய் வந்தால், பெயர் சொல்லாமல், "அன்றைக்கு வந்தவர்களில் ஒருவருக்கு இன்ஃபுளுவென்சா, உங்கள் வீட்டில் பெரியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் இருந்தால் கவனியுங்கள், அறிகுறி தெரிந்தால் உடனே கிளினிக் போங்கள்" என்று மட்டும் அனுப்புங்கள். இன்ஃபுளுவென்சாவுக்கு மருந்து இருக்கிறது, முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால் இந்தச் செய்தியை ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். வருகைப் பதிவில் கைப்பேசி எண் வாங்குவது இதற்குத்தான். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், யாரும் அதைக் காப்புறுதி விற்கப் பயன்படுத்த வேண்டாம். (யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.)

முகக்கவரியைப் பற்றிப் பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. 1910-11இல் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் வந்தபோது துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த முகக்கவரியை எல்லாரையும் போட வைத்தவர் டாக்டர் வூ லியென் தே, 1879இல் இதே பினாங்கில் பிறந்து பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்தவர். அந்த நோய் எலியிடமிருந்துதான் வரும் என்று நம்பிய மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் முகக்கவரி போட மறுத்து, நோயாளிகளைப் பார்க்கப் போய், சில நாளில் அதே நோயில் இறந்தார். வூ லியென் தே 1911 ஏப்ரலில் அங்கே முக்டென் நகரில் பல நாட்டு நிபுணர்களைக் கூட்டி மாநாடே நடத்தினார். அவர் ஊர்க்காரர்கள் நாம், முகக்கவரியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு மைக்கில் பேசுகிறோம். வாயைத் திறக்கும் நேரத்தில்தானே அது மூக்கில் இருக்க வேண்டும்! துணி முகக்கவரி வேண்டாம், முகத்தோடு ஒட்டி நிற்கும் கேஎஃப்94, என்95 வகையில் ஒரு பெட்டி வாங்கி வாசலில் வையுங்கள், அந்தத் துப்பாக்கி இருந்த இடத்தில்.

எங்கே நடத்துவது என்பதற்கு என் பதில்: நம் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் பூப்பந்துத் திடல். கூரை இருக்கிறது, பக்கச் சுவர் கிடையாது, கடற்காற்று சும்மா வருகிறது. பத்து மணி வேண்டாம், எட்டரைக்கே ஆரம்பித்தால் வெயிலும் ஏறாது, மதிய மழைக்கும் முன்னால் முடிந்துவிடும். சாரல் அடிக்கிற பக்கத்துக்கு மட்டும் ஒரு கூடாரம் வாடகைக்கு எடுக்கலாம், நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடிவிட்டால் மறுபடி மாடி மண்டபம்தான். வீட்டிலிருந்து நின்றபடி சுற்றும் மின்விசிறிகளை எடுத்து வரச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு மாடிப்படி ஏற வேண்டிய தொல்லையும் இல்லை, இதற்காகவே முன்பே அங்கே மாறியிருக்கலாம்.

மாடியில்தான் நடத்த வேண்டும் என்று நின்றால், நாக்கோ ஜன்னல் அத்தனையும் திறக்க வேண்டும், ஏர்கோன் ஓடினாலும் சரி. கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். பின்பக்க விசிறியின் டேப்பைப் பிரிக்க வேண்டும், சாலைப் பக்கக் காற்று உள்ளே வந்து பின்பக்கமாக வெளியேறும்படி இன்னொரு மின்விசிறியைப் பின்பக்கத்தைப் பார்த்து ஊதும்படி வைக்க வேண்டும். புகைமூட்டம் வந்து ஜன்னல் திறக்க முடியாத நாளாக இருந்தால் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் இரண்டு மூன்று வைக்கலாம், 0.3 மைக்ரான் அளவுள்ள துகளில் 99.97 விழுக்காட்டை அது பிடித்துவிடும். ஆனால் படுக்கையறைக்கு வாங்கின சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மூலையில் வைத்துவிட்டு, ஆயிற்று என்று நினைக்காதீர்கள், மண்டபத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இந்தச் செலவெல்லாம் ஒரு கூட்டத்துக்காக மட்டும் என்று பொருளாளர் அண்ணன் நினைக்க வேண்டாம். நம் நாட்டில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் கண்டுபிடிக்கிறார்கள், அதுவும் இதே மாதிரி அடைத்த அறையில்தான் தொற்றுகிறது. சனிக்கிழமை அதே மண்டபத்தில்தான் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு.

சாப்பாடு. இதில்தான் எனக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். இரண்டு மணி நேரம் முகக்கவரியோடு உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் எல்லாரும் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டு பீஹூனும் கோழிக் குழம்பும் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் பட்ட பாடு வீண். பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்துவிடுங்கள், வீட்டில் போய் ஆற அமரச் சாப்பிடுகிறோம். மாதர் பிரிவினருக்கும் அன்று கூட்டத்தில் உட்கார நேரம் கிடைக்கும், ஒவ்வொரு வருடமும் தீர்மானம் போடும் நேரத்தில் அவர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வந்தால் கை கழுவச் சோப்பும் தண்ணீரும் வையுங்கள். கை, கால், வாய் நோய்க்கும் சில வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கும் கைத்தூய்மி அவ்வளவாக வேலை செய்யாது, சோப்புதான்.

சொல்ல மறந்தேன், மண்டபத்துப் பின்னால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்களே, அதில் மழைத் தண்ணீர் தேங்கிப் புழு நெளிகிறது. டிங்கிக்குக் கூட்டமும் தேவையில்லை, இருமலும் தேவையில்லை. அதையும் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

2025 அக்டோபரில் பள்ளிகளில் இன்ஃபுளுவென்சா பரவி ஆயிரக்கணக்கான மாணவர்கள் படுத்தார்கள், சில பள்ளிகளை மூடினார்கள். இது கடைசி அலை இல்லை, அடுத்ததும் வரும். ஒவ்வொரு அலைக்கும் ரத்தா இல்லையா என்று புலனத்தில் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. ஒரு முறை முடிவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த செயலவைக்கும் உதவும்.

புதன்கிழமைக்குள் திடலா மாடியா என்று குழுவில் சொல்லிவிடுங்கள். திடல் என்றால் நாற்காலி இறக்க என்னோடு வேலை செய்யும் இரண்டு தம்பிகளை அழைத்து வருகிறேன். மாடி என்றால் சனிக்கிழமை மதியம் வந்து ஜன்னல் கைப்பிடிகளைச் சுரண்டி, விசிறியைக் கழுவி மாட்டித் தருகிறேன், கூலி வேண்டாம், மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத ஓர் உறுப்பினர்